நீங்கள் பக்கத்தில் இல்லாதபோதும் ஓட வேண்டும்: லினக்ஸ் சர்வரில் பைத்தான் ஸ்கிரிப்ட், முழுமையான வழிகாட்டி

சைதாப்பேட்டையில் அடையாற்றங்கரையை ஒட்டியது எங்கள் குடியிருப்பு. அக்டோபர் பிறந்துவிட்டால் இங்கே எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, செம்பரம்பாக்கத்தில் தண்ணீர் எவ்வளவு என்பதுதான். 2015 டிசம்பர் வெள்ளத்தை யாரும் மறக்கவில்லை. சென்னைக் குடிநீர் வாரியம் தன் தளத்தில் ஏரிகளின் நிலவரத்தைத் தினமும் வெளியிடுகிறது. அதைக் காலை 7 மணிக்கு எடுத்து, குடியிருப்பின் டெலிகிராம் குழுவுக்கு அனுப்ப ஒரு சின்னப் பைத்தான் ஸ்கிரிப்ட் எழுதினேன். அறுபது வரிகூட இருக்காது. என் லேப்டாப்பில் ஒழுங்காக ஓடியது. வாடகைக்கு எடுத்த சர்வரில் ஏற்றி, கையால் ஓட்டிப் பார்த்தேன். அங்கேயும் ஓடியது. தினமும் 7 மணிக்கு ஓடும்படி க்ரானில் (குறித்த நேரத்தில் கட்டளைகளை ஓட்டும் லினக்ஸ் கருவி) போட்டுவிட்டுத் தூங்கப் போனேன்.

காலையில் எதுவும் வரவில்லை. அதைச் சரி செய்ததும், மறுநாள் மதியம் பன்னிரண்டரைக்கு வந்தது. சங்கத்தின் செயலாளர் மாடிப்படியில் பார்த்தபோது, "தம்பி, காலைல வரும்னு சொன்னீங்களே, சாப்பாட்டு நேரத்துக்குல்ல வருது" என்றார்.

அடுத்த சில வாரங்களில் நான் கற்றுக்கொண்டதுதான் இந்த வழிகாட்டி. எல்லாத் தவறுகளுக்கும் வேர் ஒன்றுதான். டெர்மினலில் உட்கார்ந்து நாமே ஒரு ஸ்கிரிப்டை ஓட்டும்போது, நமக்குத் தெரியாமலே பல பொருட்களை அதன் கையில் கொடுத்துவிடுகிறோம்: நாம் நிற்கும் ஃபோல்டர், நம் பாதைப் பட்டியல் (கட்டளைகளைத் தேடும் ஃபோல்டர்களின் பட்டியல்), நம் நேர மண்டலம், நம் பெயரிலுள்ள உரிமைகள், திரையில் வரும் பிழையைப் படிக்க நம் கண். சர்வர் தானாக ஓட்டும்போது இவற்றில் ஒன்றும் கூட வருவதில்லை. ஸ்கிரிப்ட் நம்மிடம் கடன் வாங்கியவற்றை ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்து, அதற்கே சொந்தமாகக் கொடுப்பதுதான் வேலை.

ஒரு குறிப்பு. கட்டளைகளை இங்கே ஒலிப்புப்படி தமிழிலேயே எழுதியிருக்கிறேன். டெர்மினலில் ஆங்கிலச் சிற்றெழுத்தில் அடியுங்கள். ஏபிடி, ஓபிடி, ஈடிசி என்று எழுத்துப் பெயராக வருபவற்றை அந்தந்த எழுத்துகளாகவே அடிக்க வேண்டும். கோடு, புள்ளி, சாய்கோடு எல்லாம் அப்படியே. சூடோ என்று தொடங்கினால், அந்தக் கட்டளையை நிர்வாகி உரிமையோடு ஓட்டு என்று பொருள். உபுண்டு அல்லது டெபியன் சர்வரை மனதில் வைத்து எழுதுகிறேன்.

சர்வரின் பைத்தானைத் தொடாதீர்கள்

முதலில் "பைத்தான்3 --வெர்ஷன்" என்று அடித்துப் பாருங்கள். உபுண்டு 22.04 என்றால் 3.10, 24.04 என்றால் 3.12, டெபியன் 12 என்றால் 3.11 இருக்கும். வெறும் "பைத்தான்" என்று அடித்தால் பல சர்வர்களில் அப்படி ஒரு கட்டளையே இல்லை என்று வரும். பைத்தான் 2-க்கான ஆதரவு 2020 ஜனவரி 1-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. அதனால் எங்கும் 3 என்ற எண்ணைச் சேர்த்தே எழுதுங்கள்.

சர்வரில் ஏற்கெனவே இருக்கும் அந்தப் பைத்தான் நமக்காக வைக்கப்பட்டதல்ல. இயங்குதளத்தின் சொந்தக் கருவிகள் பல அதை நம்பியிருக்கின்றன. அதில் நாம் பிப் என்ற நிறுவும் கருவி மூலம் ஒரு நூலகத்தை ஏற்ற, அது வேறொரு நூலகத்தின் பதிப்பை மாற்ற, கடைசியில் சர்வரின் கருவி ஒன்று படுத்துவிடும். இதைத் தடுக்கத்தான் டெபியன் 12, உபுண்டு 23.04 முதல் பிப் நேரடியாக ஏற்ற மறுக்கிறது. இந்தச் சூழலை வெளியிலிருந்து நிர்வகிக்கிறார்கள் என்று ஒரு பிழைச் செய்தி வரும். அந்தச் செய்தியிலேயே, தடையை உடைத்துக்கொண்டு போக ஒரு வழியும் சொல்லப்பட்டிருக்கும். அவசரத்தில் அதை ஒட்டிவிடத் தோன்றும். வேண்டாம். ஸ்கிரிப்டுக்கு என்று வென்வ் என்ற தனி அறை கட்டிக்கொடுங்கள்; அதன் நூலகங்கள் அதற்குள்ளேயே இருக்கும்:

```
சூடோ ஏபிடி இன்ஸ்டால் பைத்தான்3-வென்வ்
சூடோ எம்கேடிஐஆர் /ஓபிடி/ஏரி
சூடோ பைத்தான்3 -எம் வென்வ் /ஓபிடி/ஏரி/வென்வ்
சூடோ /ஓபிடி/ஏரி/வென்வ்/பின்/பிப் இன்ஸ்டால் -ஆர் ரிக்வயர்மென்ட்ஸ்.டிஎக்ஸ்டி
```

கடைசி வரியில் நான் எதையும் ஆக்டிவேட் செய்யவில்லை என்பதைக் கவனியுங்கள். ஆக்டிவேட் என்பது டெர்மினலில் உட்கார்ந்திருக்கும் மனிதருக்கான வசதி. அது உங்கள் பாதைப் பட்டியலின் முன்னால் இந்த வென்வ் ஃபோல்டரைச் சேர்க்கிறது, அவ்வளவுதான். தானாக ஓடும் வேலைக்கு, உள்ளே இருக்கும் பைத்தானை முழுப் பாதையோடு கூப்பிட்டால் போதும். தன் நூலகங்கள் எங்கே இருக்கின்றன என்று அதற்கே தெரியும்.

எந்த நூலகம், எந்தப் பதிப்பு என்ற பட்டியலை "பிப் ஃப்ரீஸ்" மூலம் எடுத்து அந்த ரிக்வயர்மென்ட்ஸ் ஃபைலில் எழுதி வைத்துவிடுங்கள். இது எப்போது கைகொடுக்கும் என்றால், சர்வரை 22.04-இலிருந்து 24.04-க்கு உயர்த்தும் நாளில். பைத்தான் 3.10 போய் 3.12 வரும். பழைய வென்வ் உள்ளே நூலகங்கள் 3.10 என்ற ஃபோல்டரில் இருக்கும், ஓடுவதோ 3.12. நேற்றுவரை இருந்த நூலகத்தைக் காணவில்லை என்று ஸ்கிரிப்ட் சொல்லும். வென்வ் ஃபோல்டரை அழித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவதுதான் தீர்வு. பட்டியல் இருந்தால் இரண்டு நிமிட வேலை. வென்வை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகர்த்தவும் கூடாது. அதன் உள்ளே இருக்கும் ஃபைல்களில் பழைய முழுப் பாதை எழுதப்பட்டிருக்கும்.

யார் பெயரில் ஓடுகிறது, எங்கே இருக்கிறது

என் முதல் தவறு, ஸ்கிரிப்டை என் ஹோம் ஃபோல்டரில் வைத்து, என் பெயரிலேயே ஓட்டியது. அதைவிட மோசம், எல்லாவற்றையும் ரூட்டாக, அதாவது எல்லா உரிமைகளும் உள்ள நிர்வாகப் பயனராக, ஓட்டுவது. ஏரி நிலவரம் படிக்கிற அறுபது வரி நிரலுக்கு சர்வர் முழுவதையும் அழிக்கும் உரிமை எதற்கு? தனிப் பயனர் ஒருவரை உருவாக்குங்கள்:

```
சூடோ யூசர்ஆட் --சிஸ்டம் --ஷெல் /யூஎஸ்ஆர்/எஸ்பின்/நோலாகின் ஏரி
```

இந்தப் பயனர் லாகின் செய்ய முடியாது. ஸ்கிரிப்டை ஓட்ட மட்டுமே இருக்கிறார். நிரல் ஃபைல்களும் வென்வும் ரூட்டுக்குச் சொந்தமாக /ஓபிடி/ஏரி உள்ளே இருக்கட்டும். ஏரி பயனருக்கு அவற்றைப் படிக்க முடியும், மாற்ற முடியாது. ஸ்கிரிப்ட் எழுத வேண்டியவை, அதாவது நேற்றைய அளவு போன்றவை, /வார்/லிப்/ஏரி என்ற வேறு இடத்தில். நிரலும் தரவும் ஒரே ஃபோல்டரில் கிடந்தால், எதை அழித்தால் எது போகும் என்று ஆறு மாதம் கழித்து உங்களுக்கே தெரியாது.

ஹோம் ஃபோல்டரில் வைக்காததற்கு இன்னொரு காரணமும் உண்டு. உபுண்டு 21.04 முதல் புதிதாக உருவாகும் ஹோம் ஃபோல்டர்களின் அனுமதி 750. மற்றப் பயனர்கள் உள்ளே எட்டிக்கூடப் பார்க்க முடியாது. அங்கே இருக்கும் ஸ்கிரிப்டை ஏரி பயனரால் திறக்கவே முடியாமல், அனுமதி இல்லை என்ற பிழை வரும். அதைப் பார்த்துச் சிலர் உடனே 777 போட்டுவிடுவார்கள். அப்படிச் செய்தால் சர்வரில் நுழைந்த எவரும் உங்கள் நிரலை மாற்றி எழுதலாம். ஃபைலை நகர்த்துங்கள், கதவைக் கழற்றாதீர்கள்.

நிரலுக்குள் செய்ய வேண்டியவை

சார்புப் பாதைகளை நீக்குங்கள். "தரவு.ஜேசன்" என்று மட்டும் எழுதினால், ஸ்கிரிப்ட் இருக்கும் ஃபோல்டரில் பைத்தான் தேடாது. ஓட்டுபவர் நிற்கும் ஃபோல்டரில்தான் தேடும். நீங்கள் கையால் ஓட்டும்போது இரண்டும் ஒன்றாக இருப்பதால் பிழை தெரிவதில்லை. நிரலின் தொடக்கத்தில் பாத்(__ஃபைல்__).ரிசால்வ்().பேரன்ட் என்று ஒரு மாறியில் எடுத்துக்கொண்டு, கூடவே இருக்கும் ஃபைல்களை அதிலிருந்து தொடங்கிக் குறிப்பிடுங்கள்.

தமிழில் எழுதுகிறவர்கள் ஃபைலைத் திறக்கும்போதெல்லாம் என்கோடிங்=யூடிஎஃப்-8 என்று சொல்லிவிடுங்கள். உங்கள் டெர்மினலுக்கு மொழி அமைப்பு உண்டு, க்ரானில் அது இல்லாமல் போகலாம். பைத்தான் 3.7 முதல் மொழி அமைப்பே இல்லாத இடத்தில் தானாக யூடிஎஃப்-8 எடுத்துக்கொள்கிறது. ஆனாலும் பழைய சர்வர் ஒன்றில் "செம்பரம்பாக்கம்" என்ற சொல்லின் முதல் எழுத்திலேயே ஒரு ஸ்கிரிப்ட் விழுந்ததை நான் பார்த்திருக்கிறேன். ஒரு சொல் கூடுதலாக எழுதுவதில் நட்டமில்லை.

விண்டோஸில் எழுதிக் கொண்டுவந்த ஃபைல் என்றால் இன்னொரு சிக்கல் வரும். வரி முடிவில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கூடுதல் எழுத்து இருக்கும். நேரடியாக ஓட்டினால், பைத்தான்3 என்ற ஃபைலே இல்லை என்று லினக்ஸ் சொல்லும், பைத்தான் அங்கேதான் இருந்தும். "டாஸ்2யூனிக்ஸ்" என்ற கருவியால் ஒருமுறை ஓட்டிவிட்டால் சரியாகிவிடும்.

அடுத்தது காலக்கெடு. இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். பைத்தானில் பலரும் பயன்படுத்தும் ரிக்வெஸ்ட்ஸ் நூலகத்துக்கு இயல்பாகக் காலக்கெடு கிடையாது. மறுமுனை இணைப்பை ஏற்றுக்கொண்டு பதில் தராமல் இருந்தால், ஸ்கிரிப்ட் காத்துக்கொண்டே இருக்கும். பிழை வராது, முடியவும் முடியாது. ஒரு நாள் அப்படி நின்றது, அடுத்த மூன்று நாட்களும் செய்தி வராமல் செய்துவிட்டது. ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன். ஒவ்வோர் அழைப்பிலும் டைம்அவுட்=30 என்று எழுதுங்கள். விதிவிலக்கே வேண்டாம்.

பிழையை விழுங்காதீர்கள். ட்ரை போட்டு, எக்ஸெப்ட் போட்டு, பாஸ் என்று முடிக்கிற பழக்கம் தானாக ஓடும் ஸ்கிரிப்டில் மிகவும் ஆபத்தானது. தோற்ற வேலை தோற்றதாகத் தெரிய வேண்டும். லினக்ஸில் அதைச் சொல்லும் வழி வெளியேறும் எண்: 0 என்றால் நல்லபடி முடிந்தது, வேறு எதுவானாலும் தவறு. பிடிக்கப்படாத பிழையோடு பைத்தான் நின்றால் 1 என்று தானே சொல்லிவிடும். நீங்கள் குறுக்கே நிற்காமல் இருந்தால் போதும்.

எங்கள் ஸ்கிரிப்டில் இன்னொரு நுணுக்கம் இருந்தது. தளத்தின் அமைப்பு மாறினால் எண் கிடைக்காமல் போகலாம், அல்லது தவறான கட்டத்திலிருந்து எடுத்துவிடலாம். செம்பரம்பாக்கத்தின் முழுக் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி, பூண்டி 3,231, புழல் 3,300, சோழவரம் 1,081, கண்ணன்கோட்டை தேர்வாய்கண்டிகை 500. எடுத்த எண் இந்த எல்லைக்குள் இல்லையென்றால் செய்தி அனுப்பாமல் பிழையோடு நிறுத்தும்படி எழுதினேன். ஆனால் முதல் வடிவத்தில் "அளவு இல்லையென்றால்" என்பதை "இஃப் நாட் அளவு" என்று எழுதியிருந்தேன். பைத்தானுக்கு பூஜ்யமும் "இல்லை"தான். 2019 கோடையில் இந்த ஏரிகள் உண்மையாகவே பூஜ்யத்தை ஒட்டி வறண்டன. அப்படி ஒரு கோடை திரும்ப வந்தால், மிக முக்கியமான அந்தச் செய்தியைத்தான் என் நிரல் பிழை என்று தூக்கிப் போட்டிருக்கும். "இஃப் அளவு இஸ் நன்" என்று மாற்றினேன். எண் கிடைக்காததும், எண் பூஜ்யமாக இருப்பதும் வேறு வேறு.

ரகசியம்

டெலிகிராமில் நமக்காகச் செய்தி அனுப்பும் தானியங்கிக் கணக்கு, அதாவது பாட், கடவுச்சொல் போல ஒரு டோக்கனைக் கேட்கும். அந்த டோக்கனை நிரலுக்குள் எழுதக்கூடாது. நிரலை நண்பருக்கு அனுப்புவீர்கள், நிரல்களைச் சேமித்துப் பகிரும் கிட்டில் ஏற்றுவீர்கள், டோக்கனும் கூடவே போகும். /ஈடிசி/ஏரி.என்வ் என்ற ஃபைலில் பெயர்=மதிப்பு என்று ஒரு வரி எழுதி, ரூட்டுக்குச் சொந்தமாக்கி, "சூடோ சிஎச்மாட் 600 /ஈடிசி/ஏரி.என்வ்" கொடுங்கள். ஏரி பயனரால்கூட அந்த ஃபைலைப் படிக்க முடியாது. வேலைகளைத் தொடங்கி நடத்தும் லினக்ஸின் சிஸ்டம்டி (பின்னால் ஸ்கிரிப்டை அதன் மூலம்தான் ஓட்டப்போகிறோம்) அதை முன்பே ரூட்டாகப் படித்து, மதிப்பை மட்டும் ஸ்கிரிப்டின் சூழலில் வைத்துவிட்டுத்தான் ஏரி பயனராக மாறுகிறது. கட்டளை வரியில் டோக்கனைக் கொடுப்பதும் தவறு. ஓடும் செயல்களைப் பட்டியலிடும் எவர் கண்ணிலும் அது படும்.

வெறுங்கையோடு ஒரு சோதனை

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ள நேரமிருந்தால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். தானாக ஓட விடும் முன், ஸ்கிரிப்டிடமிருந்து உங்கள் பொருட்கள் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு ஓட்டிப் பாருங்கள்:

```
சிடி /
சூடோ -யூ ஏரி என்வ் -ஐ /ஓபிடி/ஏரி/வென்வ்/பின்/பைத்தான் /ஓபிடி/ஏரி/நிலவரம்.பிஒய்
```

முதல் வரி உங்களை வேர் ஃபோல்டருக்குக் கொண்டுபோகிறது. சார்புப் பாதை எங்காவது மிச்சமிருந்தால் இங்கேயே மாட்டும். "சூடோ -யூ ஏரி" உங்கள் உரிமைகளைக் கழற்றுகிறது. "என்வ் -ஐ" உங்கள் சூழல் மாறிகள் அத்தனையையும் துடைக்கிறது. இந்த நிலையில் ஸ்கிரிப்ட் "டோக்கன் கிடைக்கவில்லை" என்று சொல்லி நின்றால் நல்லது. அதுதான் நடக்க வேண்டும், டோக்கனை நாம் கொடுக்கவில்லையே. வேறு எந்தக் காரணத்துக்காக நின்றாலும் அதைச் சரி செய்யுங்கள். நான் இந்தச் சோதனையை முதல் நாளே செய்திருந்தால், அந்த முதல் காலை வெறுமையாகப் போயிருக்காது. என் பாதைப் பட்டியலில் இருந்த ஒரு கருவியை ஸ்கிரிப்ட் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. க்ரானின் பட்டியலில் அது இல்லை.

க்ரான்: போதும் என்றால் போதும்

எளிய வேலைக்கு க்ரான் தவறில்லை. ஆனால் அதன் குணங்கள் தெரிந்திருக்க வேண்டும். அதன் பாதைப் பட்டியல் மிகச் சிறியது, பொதுவாக /யூஎஸ்ஆர்/பின், /பின் இரண்டும்தான். கட்டளைகளைப் படித்து ஓட்டும் ஷெல், நீங்கள் டெர்மினலில் பயன்படுத்தும் பாஷ் அல்ல, எஸ்எச். வரியில் சதவீதக் குறி வந்தால் அதைப் புது வரி என்று எடுத்துக்கொள்ளும். தேதியை ஃபைல் பெயரில் சேர்க்க முயன்றவர்கள் இதில் தடுக்கி விழுவார்கள். குறிக்கு முன்னால் பின்சாய்கோடு போட வேண்டும். வெளியீட்டை உள்ளூர் மெயிலுக்கு அனுப்பப் பார்க்கும். சர்வரில் மெயில் அமைப்பே இல்லையென்றால் பிழைச் செய்தி எங்கும் போய்ச் சேராது. அதனால் வரியின் முடிவில் ">> லாக் ஃபைல் 2>&1" கட்டாயம். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஓடும் வேலை என்றால், முந்தையது முடியும் முன் அடுத்தது தொடங்காமல் இருக்க "எஃப்லாக் -என்" கட்டளையை முன்னால் சேருங்கள்.

நான் க்ரானை விட்டுவிட்டு சிஸ்டம்டி டைமருக்கு மாறிவிட்டேன். இரண்டு ஃபைல் எழுத வேண்டும் என்பது கூடுதல் வேலைதான். ஆனால் மேலே சொன்ன தொல்லைகள் பெரும்பாலும் அங்கே இல்லை.

சர்வீஸ் ஃபைல்

/ஈடிசி/சிஸ்டம்டி/சிஸ்டம் ஃபோல்டரில் ஏரி.சர்வீஸ் என்ற ஃபைல். இதில் சதுர அடைப்புக்குள் வரும் தலைப்புகளிலும், சமக்குறிக்கு இடப்பக்கம் வரும் பெயர்களிலும் ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்தும் பெரிய எழுத்து. பைத்தான்அன்பஃபர்ட் மட்டும் முழுவதும் பெரிய எழுத்து.

```
[யூனிட்]
டிஸ்கிரிப்ஷன்=ஏரி நிலவரம்
வான்ட்ஸ்=நெட்வொர்க்-ஆன்லைன்.டார்கெட்
ஆஃப்டர்=நெட்வொர்க்-ஆன்லைன்.டார்கெட்

[சர்வீஸ்]
டைப்=ஒன்ஷாட்
யூசர்=ஏரி
வொர்க்கிங்டைரக்டரி=/ஓபிடி/ஏரி
ஸ்டேட்டைரக்டரி=ஏரி
என்விரான்மென்ட்ஃபைல்=/ஈடிசி/ஏரி.என்வ்
என்விரான்மென்ட்=பைத்தான்அன்பஃபர்ட்=1
டைம்அவுட்ஸ்டார்ட்செக்=120
எக்ஸெக்ஸ்டார்ட்=/ஓபிடி/ஏரி/வென்வ்/பின்/பைத்தான் /ஓபிடி/ஏரி/நிலவரம்.பிஒய்
```

ஒவ்வொரு வரியும் நாம் அறியாமல் கொடுத்துவந்த ஒரு பொருளை எழுத்தில் கொடுக்கிறது. ஸ்டேட்டைரக்டரி என்ற வரி /வார்/லிப்/ஏரி ஃபோல்டரைத் தானே உருவாக்கி, ஏரி பயனருக்குச் சொந்தமாக்கிவிடும். பைத்தான்அன்பஃபர்ட் எதற்கென்றால், எதிரே டெர்மினல் இல்லாதபோது பைத்தான் தன் பிரிண்ட் வரிகளைச் சேர்த்து வைத்துத்தான் வெளியே தள்ளும். நடுவில் ஸ்கிரிப்ட் கொல்லப்பட்டால் அந்த வரிகள் போய்விடும், அதாவது நமக்கு மிகவும் தேவைப்படும் நேரத்தில்.

அப்புறம் அந்தக் காலக்கெடு வரி. ஒருமுறை ஓடி முடியும் ஒன்ஷாட் வகை வேலைக்கு சிஸ்டம்டி இயல்பாக எந்தக் கெடுவும் வைப்பதில்லை. முன்னால் சொன்ன மூன்று நாள் மௌனத்தின் காரணம் இதுதான். பதில் வராத இணைப்பில் ஸ்கிரிப்ட் தொங்கிக்கொண்டிருந்தது. சிஸ்டம்டியின் கணக்கில் வேலை இன்னும் நடந்துகொண்டிருந்தது. நடந்துகொண்டிருக்கும் வேலையை டைமர் இரண்டாம் முறை தொடங்காது. அது நல்ல குணம்தான். ஆனால் கெடு இல்லாவிட்டால் ஒரு தொங்கல் எல்லா நாட்களையும் அடைத்துவிடும். இப்போது 120 நொடியில் முடியாவிட்டால் சிஸ்டம்டி நிறுத்தி, தோல்வி என்று குறித்துக்கொள்ளும்.

நேரம்

பன்னிரண்டரை மணிக் கதை எளிது. வாடகைச் சர்வர்கள் பெரும்பாலும் உலகப் பொது நேரமான யூடிசியில் வரும். நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முந்தியது. சர்வரின் 7 மணி நமக்கு 12:30. சர்வர் முழுவதையும் இந்திய நேரத்துக்கு மாற்றலாம். அப்படி மாற்றினால் க்ரானை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஆனால் சர்வரை யூடிசியிலேயே விட்டுவிட்டு, டைமரில் மண்டலத்தைச் சொல்வதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. சர்வர் நாளை மாறினாலும் அந்த வரி கூடவே வரும். ஏரி.டைமர்:

```
[யூனிட்]
டிஸ்கிரிப்ஷன்=ஏரி நிலவரம் தினமும் காலை

[டைமர்]
ஆன்காலண்டர்=*-*-* 07:00:00 ஏசியா/கொல்கத்தா
பெர்சிஸ்டன்ட்=ட்ரூ

[இன்ஸ்டால்]
வான்டட்பை=டைமர்ஸ்.டார்கெட்
```

மண்டலப் பெயரில் ஏசியா, கொல்கத்தா இரண்டுக்கும் முதல் எழுத்து பெரியது. ட்ரூ சிற்றெழுத்து. ஏசியா/சென்னை என்று எழுதினால் ஏற்காது. இந்தியா முழுவதற்கும் அந்தப் பட்டியலில் கொல்கத்தாதான். ஒரு காலத்தில் மெட்ராஸுக்கென்று தனி நேரமே இருந்தது. நுங்கம்பாக்கத்தில் இருந்த வானாய்வகத்தை வைத்துக் கணித்த அந்த நேரம் கிரீன்விச்சைவிட 5 மணி 21 நிமிடம் முந்தியது. இந்தியப் பொது நேரம் வரும்வரை நாட்டின் ரயில்கள் அதைத்தான் பின்பற்றின. இரண்டு கடிகாரங்கள் ஒத்துப்போகாத தொல்லை இந்த ஊருக்குப் புதிதல்ல.

எழுதியது சரியா என்று பார்க்க "சிஸ்டம்டி-அனலைஸ் காலண்டர்" கட்டளைக்கு அந்த நேர வரியை மேற்கோளுக்குள் கொடுங்கள். அடுத்து எப்போது ஓடும் என்று சர்வர் நேரத்தில் காட்டும்.

நிரலுக்குள்ளும் இதே கவனம் தேவை. இந்திய நேரம் நள்ளிரவு 12 முதல் காலை 5:30 வரை யூடிசியில் இன்னும் முந்தைய நாள்தான். அந்த நேரத்தில் ஓடும் ஸ்கிரிப்ட் "இன்றைய தேதி" என்று சர்வரைக் கேட்டால் நேற்றைய தேதியைச் சொல்லும். பைத்தான் 3.9 முதல் கூடவே வரும் ஸோன்இன்ஃபோ மூலம் ஏசியா/கொல்கத்தா என்று சொல்லித் தேதியைக் கேளுங்கள்.

பெர்சிஸ்டன்ட் என்ற வரியின் அருமை 2023 டிசம்பரில் புரிந்தது. எங்கள் குடியிருப்பு நண்பர் ஒருவர், ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கிய பழைய கணினி ஒன்றில் இதே ஸ்கிரிப்டை வீட்டிலேயே ஓட்டிவந்தார். மிக்ஜாம் புயலில் மின்சாரம் போனது. க்ரான் என்றால், 7 மணிக்கு இயந்திரம் அணைந்திருந்தால் அன்றைய வேலை போனதுதான். பெர்சிஸ்டன்ட் வரியோடு இருக்கும் டைமர், இயந்திரம் உயிர்த்தெழுந்ததும் தவறவிட்ட ஓட்டத்தை உடனே ஓட்டிவிடும். மின்சாரம் வந்த சில நிமிடங்களில் அவருக்குச் செய்தி வந்தது. மழைக்காலத்தில் அந்த ஒரு வரி பெரிய ஆறுதல்.

நிற்காமல் ஓடும் ஸ்கிரிப்ட் என்றால்

குழுவில் வரும் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் பாட் போல, எப்போதும் ஓட வேண்டியது என்றால் டைமர் வேண்டாம். அதே சர்வீஸ் ஃபைலில் டைப், டைம்அவுட் வரிகளை எடுத்துவிட்டு, ரீஸ்டார்ட்=ஆன்-ஃபெய்லியர், ரீஸ்டார்ட்செக்=10 சேருங்கள். இன்ஸ்டால் பகுதியில் வான்டட்பை=மல்ட்டி-யூசர்.டார்கெட். டெர்மினலை மூடிய பின்னும் வேலையை ஓடவைக்கும் டிமக்ஸ், நோஹப் இரண்டும் ஒரு இரவு ஓடி முடியும் வேலைக்கு நல்லவை. சர்வர் ரீபூட் ஆனால் அவை திரும்ப எழுந்திருக்காது என்பதால் நிரந்தர வேலைக்கு ஆகாது.

நிறுத்தும்போது ஒரு விஷயம். கன்ட்ரோல்-சி அழுத்தினால் பைத்தான் அதை ஒரு பிழையாக எழுப்புவதால் ஃபைனலி பகுதி ஓடும். சிஸ்டம்டி அனுப்பும் நிறுத்தும் சிக்னல், சிக்டெர்ம், அப்படியல்ல. நீங்கள் அதைக் கையாளாவிட்டால் ஃபைனலி ஓடாமலே ஸ்கிரிப்ட் செத்துவிடும். பாதி எழுதிய ஃபைல் அப்படியே கிடக்கும். நிரலில் சிக்டெர்மைப் பிடித்து சிஸ்.எக்ஸிட் கூப்பிடுங்கள். 90 நொடிக்குள் முடிக்காவிட்டால் சிஸ்டம்டி வலுக்கட்டாயமாகக் கொன்றுவிடும். ஃபைல் எழுதுவதையும் தற்காலிகப் பெயரில் எழுதி முடித்து, கடைசியில் ஓஎஸ்.ரீப்ளேஸ் மூலம் உண்மைப் பெயருக்கு மாற்றுங்கள். பழையது இருக்கும், அல்லது புதியது இருக்கும், இரண்டுங்கெட்டான் இருக்காது.

ஓட விட்டுப் பார்ப்பது

```
சூடோ சிஸ்டம்சிடிஎல் டீமன்-ரீலோட்
சூடோ சிஸ்டம்சிடிஎல் ஸ்டார்ட் ஏரி.சர்வீஸ்
ஜர்னல்சிடிஎல் -யூ ஏரி.சர்வீஸ் --சின்ஸ் டுடே
சூடோ சிஸ்டம்சிடிஎல் எனேபிள் --நவ் ஏரி.டைமர்
சிஸ்டம்சிடிஎல் லிஸ்ட்-டைமர்ஸ்
```

சர்வீஸ் ஃபைலை எப்போது திருத்தினாலும் முதல் வரி அவசியம். இல்லாவிட்டால் பழையதையே ஓட்டிக்கொண்டிருப்பீர்கள். இரண்டாவது வரி, 7 மணிவரை காத்திராமல் இப்போதே ஒருமுறை, டைமர் ஓட்டும் அதே நிலையில் ஓட்டுகிறது. பிரிண்ட் வரிகளும் பிழைகளும் சிஸ்டம்டியின் பதிவேடான ஜர்னலில் நேரத்தோடு பதிவாகியிருக்கும்; மூன்றாவது வரி அதைக் காட்டும். தனி லாக் ஃபைலும் அதைச் சுழற்றும் ஏற்பாடும் தேவையில்லை. எதுவும் வரவில்லையென்றால் முன்னால் சூடோ சேர்த்துப் பாருங்கள். ஸ்கிரிப்ட் பிழையே இல்லாமல் திடீரென்று செத்திருந்தால் "ஜர்னல்சிடிஎல் -கே" பாருங்கள். நினைவகம் தீர்ந்து, இயங்குதளத்தின் மையமான கர்னல் அதைக் கொன்றிருந்தால் அங்கே எழுதியிருக்கும். சிறிய வாடகைச் சர்வர்களில் இது அடிக்கடி நடக்கும்.

தோல்வியைத் தேடிப் போய்ப் பார்ப்பதைவிட அது நம்மைத் தேடி வருவது நல்லது. யூனிட் பகுதியில் ஆன்ஃபெய்லியர்= என்று எழுதி, எனக்கு மட்டும் ஒரு செய்தி அனுப்பும் இன்னொரு சின்ன சர்வீஸின் பெயரைக் கொடுத்திருக்கிறேன். செய்தியிலேயே தரவின் தேதியையும் அச்சிடுகிறேன். தளத்தில் நேற்றைய எண்ணே இருந்தால், படிப்பவருக்கு அது நேற்றையது என்று தெரிய வேண்டும். ஆற்றங்கரையில் இருப்பவர்களுக்குப் பழைய எண்ணைப் புதியதுபோல் காட்டுவது, ஒன்றுமே அனுப்பாததைவிடக் கெடுதல்.

எல்லாம் முடிந்ததும் ஒரு பகல் நேரத்தில் "சூடோ ரீபூட்" அடியுங்கள். சர்வர் திரும்ப வந்ததும் லாகின் செய்து, எதையும் கையால் தொடங்காமல், "சிஸ்டம்சிடிஎல் லிஸ்ட்-டைமர்ஸ்" மட்டும் பாருங்கள். யூடிசியில் இருக்கும் சர்வர் என்றால் ஏரி.டைமர் வரியில் அடுத்த ஓட்டம் 01:30 என்று காட்டும். நம் ஊரில் அது காலை 7 மணி.